தண்ணி குடிக்கிற காரும், தேடுறதுக்குக் கொடுக்காத கூலியும்

கொஞ்ச நாளா ஆளைக் காணோமேன்னு ரெண்டு பேர் விசாரிச்சிருந்தீங்க. (அதுல ஒருத்தர் எங்க வீட்டுத் தங்கமணி. வீட்டுக்குள்ளயேதான் இருந்தேன், ஆனா பானெட்டுக்கு அடியில இருந்தேன்.)

ஆமாங்க, காரணம் கார்தான். உடனே "மெக்கானிக் பதிவு"ன்னு எஸ்கேப் ஆகிடாதீங்க. வண்டி இல்லாதவங்களும் படிக்கலாம். நான் சொல்ல வந்தது ஒரு கெட்ட பழக்கத்தைப் பத்தி. எனக்கு அது மூணு வருஷமா இருந்தது. உங்கள்ல பாதிப் பேருக்கும் இருக்கும்னு ஒரு சந்தேகம்.

என் வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு குட்டி ஹாட்ச்பேக். பேர் வேண்டாம், அது பாவம், தப்பு அதோடதில்ல. 2020ல வாங்கினேன். கொஞ்ச நாள் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் மெல்லத் தண்ணி குடிக்க ஆரம்பிச்சது. ரேடியேட்டர் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும்ல, அதுல மேல ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி கீழ்க்கோட்டுக்குப் போயிடும். நான் அரை லிட்டர் ஊத்துவேன். மறுபடி பத்து நாள். மறுபடி அரை லிட்டர். செடிக்கு ஊத்துற மாதிரி ஞாயித்துக்கிழமை காலையில இதுக்கும் ஊத்திட்டு காபி குடிக்கப் போயிடுவேன்.

வண்டி நின்ன இடத்துல ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அதனால லீக் இல்லைன்னு முடிவு கட்டிட்டேன். கேட்டவங்களும் அதையே சொன்னாங்க. "பழைய வண்டி சார், கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்." ஒரு தடவை நான் ஊத்துறதைப் பார்த்துட்டு தங்கமணிதான் கேட்டாங்க:

"அதெல்லாம் சரி, இத்தனை தண்ணியும் எங்க போகுது?"

நான் சிரிச்சேன். "சூட்டுல ஆவியாப் போகும்மா, இதெல்லாம் உனக்குப் புரியாது"ன்னு சொன்னேன். ரெண்டு பேர் கடையில யாருமே கேட்காத ஒரே உருப்படியான கேள்வி அது. அதுக்கு நான் சொன்ன பதில் இது. வெட்கமா இருக்கு, இருந்தாலும் பதிவு பண்ணி வைக்கிறேன்.

ஏன் அது உருப்படியான கேள்வின்னு சொல்லிடறேன். கார்ல தண்ணி சுத்துற பாதை ஒரு மூடின பாதை. வாட்டர் பம்ப் தள்ளும், இன்ஜின் பிளாக்குக்குள்ள போய் சூட்டை வாங்கிக்கும், ரேடியேட்டருக்கு வந்து சூட்டை விட்டுடும், திரும்ப இன்ஜினுக்கே போகும். பிரஷர் குக்கர் மாதிரி மேல ஒரு மூடி, அதுல ஒரு ஸ்பிரிங். நிறைய கார்ல அந்த மூடியிலேயே 0.9, 1.1னு ஒரு நம்பர் போட்டிருக்கும். அந்த அளவு பிரஷர் வரைக்கும் அது திறக்காது. வெறும் தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு படிச்சிருக்கோம்ல, அந்தப் பிரஷர்ல அதே தண்ணி ஏறத்தாழ 120 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் கலந்திருந்தா இன்னும் கொஞ்சம் மேல தாங்கும்.

மூடின பாதையில தண்ணி குறைஞ்சா ஒரே அர்த்தம்தான். எங்கேயோ வழி இருக்கு. வருஷத்துக்கு ஒரு விரக்கடை குறைஞ்சா பரவாயில்லை. கூலன்ட் புதுசா மாத்தின பிறகு உள்ளே இருக்குற காத்து வெளியேறி ஒரு தடவை இறங்கினாலும் பரவாயில்லை. பத்து நாளைக்கு அரை லிட்டர்னா அதுக்குப் பேர் "குடிக்குது" இல்ல, ஓட்டை.

சரி, நானும் சும்மா இருக்கலை. ரெண்டு கடைக்குப் போனேன்.

முதல் கடை. பானெட்டைத் திறந்தார், ரேடியேட்டர் ஃபின்ல கொஞ்சம் வெள்ளைப் படிவு இருந்தது, காட்டினார். "போச்சு சார், மாத்திடலாம். இல்லைன்னா இப்போதைக்கு மஞ்சத்தூள் போட்டு ஓட்டுங்க." ஆமாங்க, சமையல் மஞ்சத்தூள். சின்ன ஓட்டையில போய் அடைச்சுக்கும்னு நம்ம ஊர்ல ரொம்ப காலமா இருக்குற வைத்தியம். அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்காது, ரேடியேட்டர்ல இருக்குற மெல்லிய குழாயையும் சேர்த்து அடைக்கும். "சாம்பாரா வைக்கப் போறோம்"னு சொல்லிட்டு ரேடியேட்டரையே மாத்தச் சொல்லிட்டேன். 5,200 ரூபாய். பதினஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணியாச்சு. நானும் சந்தோஷமா வந்தேன். ஏதோ ஒண்ணு புதுசா மாத்தியிருக்கோம்ல.

பத்து நாள். கீழ்க்கோடு.

ரெண்டாவது கடை. "ரேடியேட்டர் யார் சார் மாத்தினது? ஹோஸும் வாட்டர் பம்ப்பும்தான் சார் பிரச்சனை." எல்லாத்தையும் மாத்தினார். 7,400 ரூபாய். பழைய பம்ப்பைக் கையில கொடுத்தார். நான் அதை ஏதோ நோயாளி வயித்துல இருந்து எடுத்த கல் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து தங்கமணிகிட்ட காட்டினேன்.

பத்து நாள். கீழ்க்கோடு. :-(

அப்புறம் விட்டுட்டேன். ஊத்துறதே நிம்மதின்னு ஆயிடுச்சு. அரை லிட்டர் தண்ணிக்கு என்ன செலவு? வீட்டு போர் தண்ணி, குழாயைத் திறந்தா வருது.

2023 மே மாசம். திருச்சியில அக்கா பேரனுக்குக் காது குத்து. தாம்பரத்துல இருந்து விடியற்காலை கிளம்பினோம். நான், தங்கமணி, பின் சீட்டுல அம்மா. அம்மாவுக்கு அப்ப 71 வயசு. மடியில எவர்சில்வர் தூக்குல புளியோதரை, பையில பிரஷர் மாத்திரை. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் தாண்டியாச்சு. உளுந்தூர்பேட்டை நெருங்கும்போது ஏசியில குளிர் குறைஞ்ச மாதிரி இருந்தது. ஒரு கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம், பானெட் ஓரத்துல இருந்து புகை மாதிரி ஆவி. அதுக்கு அப்புறம்தான் டேஷ்போர்டுல சிவப்பு விளக்கு எரிஞ்சது.

இந்த விளக்கைப் பத்தி ஒரு வார்த்தை. முன்னல்லாம் சூடு காட்ட ஒரு முள் இருக்கும். முள் ஏறுறதைப் பார்த்தே ஓரமா நிறுத்திடலாம். இப்ப நிறைய சின்ன கார்ல முள் கிடையாது, விளக்குதான். அதுவும் சென்சார் தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் சரியான சூட்டைச் சொல்லும். தண்ணியே இறங்கிப் போய் அது காத்துல தொங்கினா லேட்டாத்தான் முழிச்சுக்கும். அதாவது யாருக்கு எச்சரிக்கை ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் அது தாமதமா வரும்.

வண்டியை ஓரம் கட்டி அணைச்சேன். அவசரத்துல மூடியைத் திறக்கப் போனேன். பக்கத்துல இளநி வெட்டிக்கிட்டிருந்த பெரியவர் போட்ட சத்தத்துல கையை எடுத்துட்டேன். "யோவ்! மூஞ்சி வெந்துடும்யா!" அவர் சொன்னது அப்படியே உண்மை. பிரஷர்ல 100 டிகிரிக்கு மேல நிக்கிற தண்ணி, மூடி திறந்த நொடியில கொதிச்சு மேல அடிக்கும். அவர் யாருன்னு தெரியாது. நல்லா இருக்கட்டும்.

அம்மா வேப்பமரத்தடியில முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. மே மாச வெயில். ஒண்ணும் சொல்லலை. "உன்னால முடிஞ்சதைத்தானே செய்வே"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு தோணுச்சு. ஏன்னா என்னால முடிஞ்சதை நான் செய்யலைங்கறது எனக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில அவங்க ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி விட்டேன். காது குத்துற நேரத்துக்கு அவங்க போய்ச் சேரலை.

இன்ஜின் ஆறினதும் தண்ணி ஊத்தி, மெதுவா உருட்டி, ஊருக்குள்ள ஒரு ஷெட்டுக்குப் போனேன். எல்லாரும் அவரை பாய்னுதான் கூப்பிட்டாங்க. நான் போனதும் போகாததுமா சொன்னேன்: "பாய், ரேடியேட்டர் புதுசு, பம்ப் புதுசு, ஹோஸ் புதுசு. ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கும், மாத்திடுங்க." பாருங்க, மூணாவது தடவையும் நானே சாமானைச் சொல்றேன்.

அவர் ஸ்பேனரையே தொடலை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"நின்ன இடத்துல சொட்டுதா தம்பி?" இல்ல. "தூரம் போனா அதிகமாக் குறையுதா, ஊருக்குள்ளேயேவா?" யோசிச்சேன். தூரம் போனாத்தான். "உள்ள உட்கார்ந்தா இனிப்பா வாசனை வருதா? காலடி கார்ப்பெட் ஈரமா?" இல்ல. (ஹீட்டர் கோர்னு டேஷ்போர்டுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். அது ஒழுகினா உள்ளேதான் நனையும். நம்ம ஊர்ல அதை ஏசி தண்ணின்னு நினைச்சு விட்டுடுவோம். ஏசி தண்ணிக்கு நிறமும் வாசனையும் இருக்காது, கூலன்ட்டுக்கு ரெண்டும் உண்டு.) "காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை நிக்காம வருதா?" இல்ல.

ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். பால் கலந்த மாதிரி இல்ல. இன்ஜின் நல்லா ஆறின பிறகு மூடியைத் திறந்து வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். குமிழி வந்துக்கிட்டே இருக்கான்னு பார்த்தார். இல்ல. "ஹெட் தப்பிச்சது தம்பி, அதைத் தொடவேண்டாம்." என் வாயால நானே தலையில கட்டிக்க இருந்த பெரிய செலவு அங்கேயே போச்சு.

அப்புறம் மூடியோட ரப்பரையும் ஸ்பிரிங்கையும் தனியா அழுத்திப் பார்த்தார். மூடி சரியில்லைன்னாலும் தண்ணி ஆவியா ஓவர்ஃப்ளோ குழாய் வழியாப் போயிடுமாம். அது சரியா இருந்தது. பிறகு ஒரு டப்பாவுல இருந்து இன்னொரு பழைய மூடியை எடுத்தார். நடுவுல ஓட்டை போட்டு டியூப் வால்வு பத்த வச்சிருந்தார், கூடவே ஒரு சின்ன மீட்டர். அதை ரேடியேட்டர் மேல மாட்டி, சைக்கிள் பம்ப்பால அடிச்சார். மூடியில எழுதியிருந்த 0.9 வரைக்கும் மட்டும், அதுக்கு மேல ஒரு அடி கூட இல்ல. இதுக்குன்னே கைப் பம்ப்போட டெஸ்டர் கடையில விக்கிறாங்க. அவர் தானே செஞ்சு வச்சிருந்தார்.

அடிச்சு வச்சுட்டு டீ சொன்னார். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முள் இறங்கியிருந்தது. ஆனா எங்கேயும் ஈரம் தெரியலை. இந்த இடத்துல முன்ன பார்த்த ரெண்டு கடையா இருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கிட்டேன். பாய் மறுபடி பம்ப் அடிச்சார். டார்ச்சை எடுத்தார். பல் டாக்டர் வச்சிருப்பாரே, அந்த மாதிரி நீளக் காம்புல ஒரு குட்டிக் கண்ணாடி. மேல இருந்து பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். என் செல்போனை வாங்கி, வீடியோ போட்டு இன்ஜினுக்குப் பின்னாடி கையை விட்டு எடுத்தார். மூணு தடவை எடுத்து மூணு தடவையும் போட்டுப் பார்த்தார்.

மூணாவதுல தெரிஞ்சது. பிளாக்கோட பின்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில, செங்கல் நிறத்துல ஒரு கோடு. அதுக்கு மேல ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய தகரத் தட்டு. அதோட நடுவுல ஊசிமுனை அளவு ஒரு ஈரம், மெதுவா உருண்டையாகிக்கிட்டிருந்தது.

அதுக்குப் பேர் வெல்ஷ் பிளக். பிளாக்கை வார்க்கும்போது விடுற துளையை அடைக்கிற மூடி. இன்ஜின் சூடாகி பிரஷர் ஏறினா மட்டும் அந்த ஊசித்துளையில கசியும். கசிஞ்ச தண்ணி சூடான பிளாக்குலயே காய்ஞ்சு போயிடும், தரைக்கு வராது. ஆறினா பிரஷர் இல்ல, கசிவும் இல்ல. அதான் ஊருக்குள்ள கொஞ்சமா, ஹைவேயில நிறைய.

"ஏன் பாய் ஓட்டை விழுந்துச்சு?"

"உள்ள இருந்து துரு தம்பி. என்ன தண்ணி ஊத்தினீங்க?"

சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை, தலையை மட்டும் ஆட்டினார்.

கூலன்ட்னா வெறும் கலர் தண்ணின்னு நினைச்சிருந்தேன். அதுல எத்திலீன் கிளைக்கால் மட்டும் இல்ல, துருப் பிடிக்காம இருக்குற மருந்தும் இருக்கு. நான் வருஷக்கணக்கா ஊத்தினது உப்புப் படியுற போர் தண்ணி. ஊத்த ஊத்த இருந்த கொஞ்சநஞ்ச கூலன்ட்டும் நீர்த்துப் போச்சு. நீர்த்ததும் துரு, துருவால ஓட்டை, ஓட்டையால இன்னும் தண்ணி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காபிக்கு முன்னாடி நான் வைத்தியம்னு நினைச்சு ஊத்தினதுதான் நோயே.

பையனைக் கடைக்கு அனுப்பி சைஸ் அளந்து பிளக் வாங்கினார். கைக்கு எட்டின இன்னொண்ணையும் மாத்திட்டார். பிளக் ஒண்ணு 80 ரூபாய். கூலன்ட் தனி. மேனிஃபோல்டைக் கழட்டி மாட்டினது, தேடினது எல்லாம் சேர்த்து நாலு மணி நேர வேலை. கூலி 1,500 கேட்டார்.

இப்ப என் லட்சணத்தைச் சொல்றேன். "என்ன பாய், 80 ரூபா சாமானுக்கு 1,500ஆ"ன்னு கேட்டு 1,000 ரூபாய்க்குக் குறைச்சேன். அவரும் வாங்கிக்கிட்டார்.

திருச்சி போய்ச் சேர்ற வரைக்கும் கணக்குப் போட்டுக்கிட்டே போனேன். தேடாம மாத்தின ரெண்டு பேருக்கு 12,600 ரூபாய், ஒரு கேள்வி கேட்காம கொடுத்தேன். தேடிக் கண்டுபிடிச்ச ஒருத்தர்கிட்ட 500 ரூபாய் பிடிச்சுக்கிட்டேன். ஏன்? அவங்க கையில ஒரு சாமான் இருந்தது, காட்டினாங்க. இவர் கையில ஒரு கண்ணாடியும் டார்ச்சும்தான் இருந்தது.

இங்கதான் என் கருத்து. மெக்கானிக்குங்க கண்டபடி பார்ட்ஸ் மாத்துறாங்கன்னு நாம எல்லாரும் புலம்பறோம். அவங்களை அப்படிப் பழக்கினது நாமதான். அரை நாள் தேடிட்டு "லீக் இங்க இருக்கு, 80 ரூபாய்"னு சொல்றவருக்கு நாம தர்றது 80 ரூபாய். கால் மணி நேரத்துல "ரேடியேட்டர் போச்சு"ங்கறவருக்கு 5,200. அப்ப எந்தத் தொழிலாளி தேடுவான்? அவனுக்கும் குடும்பம் இருக்கு.

"தேடுறேன்னு சொல்லி ஏமாத்த மாட்டாங்களா?"ன்னு கேட்பீங்க. ஏமாத்தலாம். சாமான் மாத்துறேன்னு சொல்லியும் ஏமாத்துறாங்களே. இதுக்காவது ஒரு வழி இருக்கு. "கண்டுபிடிக்க இவ்வளவு கூலி, கண்டுபிடிச்சா என் கண்ணுக்குக் காட்டணும், அப்புறம்தான் சாமான்"னு முன்கூட்டியே பேசிக்கலாம். மீட்டர் இறங்குறதைப் பக்கத்துல நின்னு பார்க்கலாம். வீடியோ எடுக்கச் சொல்லலாம்.

வண்டி வச்சிருக்குறவங்களுக்குச் சில விஷயம், நான் சூடு பட்டுக் கத்துக்கிட்டது:

1. மாசம் ரெண்டு தடவை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, பாட்டில்ல அளவு பாருங்க. ஊத்தினா தேதியும் அளவும் எழுதி வைங்க. எந்த மெக்கானிக்குக்கும் அதுதான் முதல் தடயம்.

2. தரை காய்ஞ்சிருந்தா லீக் இல்லைன்னு அர்த்தமில்ல. ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப் அடி, பிளாக் ஓரம் எல்லாம் காய்ஞ்ச வெள்ளை, பச்சை, ரோஸ், துரு நிறக் கறை இருக்கான்னு பாருங்க.

3. பிரஷர் டெஸ்ட் பண்ணாம யாராவது சாமான் பேரைச் சொன்னா, "எப்படித் தெரியும்?"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அப்படியும் சிக்கலைன்னா, கூலன்ட்டோட கலந்து ஓட்டிட்டு ஊதா விளக்குல பார்த்தா ஒளிர்ற சாயம் இருக்கு.

4. குழாய் தண்ணி வேண்டாம். உங்க வண்டிப் புத்தகம் சொல்ற கூலன்ட். கலக்கணும்னா டிஸ்டில்ட் வாட்டர். நடுவழியில வேற வழியே இல்லைன்னா எந்தத் தண்ணியும் ஊத்தலாம், ஆனா வீடு வந்ததும் எல்லாத்தையும் மாத்திடுங்க.

5. சூடான மூடியைத் தொடாதீங்க. இளநிக்காரர் எல்லா இடத்திலயும் இருக்க மாட்டார்.

6. வடிச்ச கூலன்ட்டைத் தெருவுல ஊத்தாதீங்க. இனிப்பா இருக்கும், நாய் நக்கும், அது விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாம வைங்க.

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில நிறுத்தி பாய்கிட்ட அந்த 500 ரூபாயை நீட்டினேன். "எதுக்கு தம்பி? கணக்கு முடிஞ்சுதே"ன்னார்.

"தேடினதுக்கு பாய்."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். "அதுக்குன்னு இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல"ன்னார். வாங்கிக்கிட்டார். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

அதுக்கப்புறம் பாட்டில்ல தண்ணி மேல்க்கோட்டை விட்டு அசையலை. ஞாயித்துக்கிழமை காலையில செய்யறதுக்கு வேலை இல்லாம இப்படிப் பதிவு எழுதி உங்க உசுரை வாங்கிக்கிட்டிருக்கேன். :-)

தங்கமணி இப்பவும் நடுநடுவுல கேட்கறாங்க, "எங்க போச்சு அந்தத் தண்ணி?"ன்னு. சிரிக்கறதில்ல. பதில் சொல்றேன்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, காசு கொடுத்துக் கத்துக்கிட்டவன். விவரம் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. தேடிக் கண்டுபிடிக்கிற மெக்கானிக் யாராவது உங்க ஊர்ல இருந்தா அவரைப் பத்தியும் எழுதுங்க. அடுத்த தடவை அவர்கிட்ட பேரம் பேசாதீங்க.